கதவைப் பார்த்து உட்காரும் பிள்ளை

வடசென்னை வியாசர்பாடியில் நாங்கள் நடத்தும் ராத்திரிப் பள்ளிக்கு ஒரே ஒரு அறை. ஆறு மணிக்குப் பிள்ளைகள் பாயை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். போன வருஷம் புதிதாக வந்த இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன், முதல் பத்து நாளும் வாசிப்புப் புத்தகத்தில் ஒரே பக்கத்தில் நின்றான். எழுத்துக் கூட்ட ஆரம்பிப்பான். வெளியே யாராவது செருப்பைக் கழற்றிப் போடுவார்கள். தலை திரும்பிவிடும். மறுபடி முதல் எழுத்திலிருந்து. ஷேர் ஆட்டோ ஒன்று சைலன்சர் வெடிக்கப் போனால் இரண்டு தோளும் காது வரைக்கும் ஏறும். இறங்க வெகுநேரம் ஆகும். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு வைத்திருந்த பெயர் ‘கவனமே இல்லாதவன்’.

எனக்கு அந்தப் பெயரோடுதான் தகராறு. அவனைக் கூட்டிக்கொண்டு வரும் ஆயா ஒருநாள் சொன்னார்: “மாடிப்படில கால் வெக்கிற சத்தத்தை வெச்சே சொல்லிடுவான் டீச்சர், இன்னிக்கு அவங்க நைனா எப்டி வராருன்னு. நமக்கு ஒண்ணும் தெரியாது, இவன் கட்டிலுக்கு அடியில பூந்துட்டிருப்பான்.” ஏழு வயதில் இத்தனை நுணுக்கமாகக் கவனிக்கிற பிள்ளைக்கா கவனம் இல்லை? அத்தனையும் கதவுக்கே செலவாகிவிடுகிறது. புத்தகத்துக்கு மிச்சமில்லை.

இது ஏன் நடக்கிறது, இருபது முப்பது வருஷம் கழித்து அவன் இதயத்தையும் நுரையீரலையும் எப்படித் தொடும் என்பதைத்தான் இங்கே எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன். நான் டாக்டர் இல்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பவள், புரியாததைத் தேடிப் படித்தவள்.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது ஓயாத மன அழுத்தம். முதலில் அழுத்தம் என்றால் என்ன? கொருக்குப்பேட்டை கேட் பக்கம் ராத்திரி நடந்து போகிறீர்கள், தெருநாய் ஒன்று உறுமிக்கொண்டு துரத்துகிறது. நீங்கள் யோசித்து முடிவெடுப்பதற்குள் உடம்பு வேலையை ஆரம்பித்துவிடும். மூளைக்கு அடியில் இருக்கும் ஹைப்போதாலமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லும். அது சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்லும். நரம்பு வழியாக ஓடும் உத்தரவில் அட்ரினலின் நொடியில் கொட்டும். பின்னாலேயே சில நிமிடங்களில் கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் வந்து சேரும். இதயம் அடித்துக்கொள்ளும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும், கண்ணும் காதும் கூர்மையாகும்.

இதை எங்கள் பகுதி அம்மாக்களிடம் சொல்லும்போது நான் இன்வெர்ட்டரைத்தான் உதாரணம் காட்டுவது வழக்கம். கோடையில் ராத்திரி கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் என்ன ஓடும்? ஒரு ஃபேன், ஒரு டியூப் லைட். ஃப்ரிட்ஜ் ஓடாது, மிக்ஸி ஓடாது, மோட்டார் போட முடியாது. உடம்பும் ஆபத்து நேரத்தில் அப்படியே. ஓடத் தேவையான இதயம், நுரையீரல், கால் தசைகளுக்கு மட்டும் லைன் கொடுக்கும். செரிமானம், வளர்ச்சி, நிதானமான யோசனை, புதிதாக ஒன்றைக் கற்பது எல்லாம் அப்புறம். அரை மணி நேரத்துக்கு இது அருமையான ஏற்பாடு. வருஷக்கணக்கில் இன்வெர்ட்டரிலேயே குடும்பம் நடத்தினால் ஃப்ரிட்ஜில் வைத்தது கெடும், பேட்டரியும் உட்காரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆபத்து தீர்ந்ததும் ரத்தத்தில் ஏறிய கார்ட்டிசாலே மூளைக்குத் திரும்பிப் போய் ‘போதும், நிறுத்து’ என்று சொல்ல வேண்டும். அந்தச் செய்தியை வாங்கும் இடங்களில் ஒன்று ஹிப்போகேம்பஸ். கிரேக்க மொழியில் கடல்குதிரை என்று அர்த்தம். பார்க்க அப்படித்தான் இருக்கும். புது விஷயத்தை நினைவில் ஏற்றுவதும் இதே இடம்தான். நெடுநாள் கார்ட்டிசாலில் ஊறினால் கடல்குதிரை களைத்துப்போகும். பாடம் நினைவில் நிற்காது. அதோடு, நிறுத்தச் சொல்லும் செய்தியும் சரியாகப் போய்ச் சேராது. கரண்ட் வந்த பிறகும் மெயினுக்கு மாறாத இன்வெர்ட்டர் அது.

அப்படியானால் குழந்தைக்கு எந்த அழுத்தமுமே கூடாதா? அதுவும் தப்பு. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜாக் ஷான்காஃப் என்ற குழந்தை மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் இதை மூன்றாகப் பிரித்தார்கள். பால்வாடியில் முதல் நாள் அழுவது, தடுப்பூசி, கேரம் போட்டியில் தோற்பது எல்லாம் சின்ன அழுத்தம். வரும், போகும், பிள்ளை தேறும். இது வளர்ச்சிக்கு நல்லது. இரண்டாவது, தாங்கக்கூடியது: வீட்டில் ஒரு சாவு, வெள்ளம் புகுந்து ஜாமான் எல்லாம் போன ராத்திரி. பெரிய அடிதான். ஆனால் யாரோ ஒருவர் மடியில் போட்டுக்கொண்டு முதுகைத் தட்டினால் உடம்பு பழைய நிலைக்கு வரும். மூன்றாவதை நச்சு அழுத்தம் என்கிறார்கள். கடுமையானது, அடிக்கடி வருவது அல்லது ஓயாமல் நீடிப்பது, தட்டிக்கொடுக்க ஒரு கை இல்லாதது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012இல் இந்த நச்சு அழுத்தத்தைப் பற்றித் தன் உறுப்பினர்களுக்குத் தனியாக ஓர் அறிக்கையே வெளியிட்டது.

அந்தக் கைதான் இதில் முக்கியம். நடந்தது என்ன என்பதை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் பிசகிவிடும். ஒரே சந்தில், ஒரே மாதிரிச் சண்டை நடக்கும் இரண்டு வீடுகளில், ஒரு பிள்ளைக்கு அது இரண்டாம் வகை. இன்னொரு பிள்ளைக்கு மூன்றாம் வகை.

வறுமையும் நச்சு அழுத்தமும் ஒன்றா என்று கேட்பார்கள். காசிமேட்டில் விடியும் முன்பே மீன் ஏலத்துக்குப் போகும் பெண்களை எனக்குத் தெரியும். பிள்ளை தூங்கி எழும்போது அம்மா பக்கத்தில் இருக்க மாட்டார். ஆயா இருப்பார். தினமும் அதே ஆயா, அதே டீ, அதே பொறை. ‘ஐயோ பாவம், அம்மா இல்லாமல் எழுகிறதே’ என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். அந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. நாளை காலையிலும் அந்த முகம் இருக்கும் என்று அதன் உடம்புக்குத் தெரியும். மாறாக, ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, வருமானம் நின்று, கந்துவட்டிக்காரர் வாசலில் நின்று, பெரியவர்களின் குரல் ஏறும் சில வீடுகளில் பிள்ளைகள் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். இல்லாமை நேராகப் பிள்ளையைத் தொடுவதைவிட, பெரியவர்களின் பொறுமையைத் தின்றுவிட்டுத்தான் பிள்ளையிடம் வருகிறது. அதனால் காசு ஒரு பொருட்டில்லை என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். வாடகைக்குப் பணம் கையில் இருந்தால் பாதிக் குரல்கள் தானாகவே இறங்கும்.

வசதியான வீடுகளும் இதற்கு விலக்கில்லை. இந்த விஷயத்தை உலகத்துக்குத் தெரியவைத்த ஆய்வே நடுத்தர வர்க்கத்திடம் நடந்ததுதான். அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற டாக்டர் 1980களில் உடல் எடை குறைப்பு மருத்துவமனை ஒன்றை நடத்தினார். எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுபோனார்கள். ஏன் என்று உட்கார்ந்து பேசியபோது, பலர் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று தெரியவந்தது. சிலருக்குப் பருத்த உடம்புதான் பாதுகாப்பாகத் தோன்றியது.

அவரும் ராபர்ட் ஆண்டா என்ற டாக்டரும் சேர்ந்து, 1995 முதல் 1997 வரை, உடல் பரிசோதனைக்கு வந்த 17,000க்கும் மேற்பட்டவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார்கள். 18 வயதுக்குள் வீட்டில் அடி உண்டா, பாலியல் கொடுமை உண்டா, அம்மா அடிபட்டதைப் பார்த்ததுண்டா, வீட்டில் குடி அடிமை உண்டா, மனநோய் உண்டா, யாராவது ஜெயிலுக்குப் போனார்களா என்பது மாதிரிக் கேள்விகள். பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் கல்லூரி வாசலை மிதித்தவர்கள், மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள். முதல் முடிவுகள் 1998இல் வந்தன. பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஒன்றுக்காவது ‘ஆம்’ என்றிருந்தார்கள். நான்கு அல்லது அதற்கு மேல் ‘ஆம்’ சொன்னவர்களை ஒன்றுமே இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் மனச்சோர்வு 4.6 மடங்கு, குடி அடிமைத்தனம் 7.4 மடங்கு, தற்கொலை முயற்சி 12.2 மடங்கு. இதுவரைக்கும் யாரும் ஊகிக்கக்கூடியதுதான். டாக்டர்களையே அசரவைத்தது அடுத்த வரிசை: இதய நோய் 2.2 மடங்கு, நாள்பட்ட மூச்சுக்குழாய் நோயும் நுரையீரல் நோயும் 3.9 மடங்கு, சர்க்கரை நோய் 1.6 மடங்கு.

ஐந்து வயதில் பார்த்த சண்டை ஐம்பது வயதில் எப்படி மாரடைப்பாகும்? வழி ஒன்றல்ல. பதற்றத்தை அடக்க சிலர் பீடியையோ குவார்ட்டரையோ நாடுகிறார்கள். அது ஒரு பாதை. ஆனால் புகைக்காத, குடிக்காதவர்களிடமும் தொடர்பு முழுதாக மறையவில்லை. கார்ட்டிசால் அளவாக இருந்தால் அழற்சியை அடக்கும். ஓயாமல் சுரந்துகொண்டிருந்தால் உடம்பின் செல்கள் அதன் பேச்சைக் கேட்பதை விட்டுவிடும். உள்ளுக்குள் ஒரு மெல்லிய அழற்சி அணையாமல் கிடக்கும். ரத்தக் குழாயின் உட்சுவரை அது அரிக்கும். ப்ரூஸ் மெக்யூவன் என்ற விஞ்ஞானி 1993இல் இதற்கு ஒரு பெயர் கொடுத்தார். நம் வார்த்தையில் தேய்மானச் சுமை எனலாம். காசிமேட்டில் கடலைப் பார்த்த வீட்டின் கிரில்லைப் பாருங்கள். ஒருநாள் உப்புக் காற்றில் ஒன்றும் ஆகாது. பத்து வருஷத்தில் கையோடு வந்துவிடும்.

ஆலைப் புகைக்கு நடுவே வாழும் மணலி, எண்ணூர் பக்கத்துக்காரர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். தென் கலிஃபோர்னியாவில் பள்ளிப் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தபோது, பெற்றோர் கடும் மன அழுத்தத்தில் இருந்த வீடுகளில் வாகனப் புகையால் ஆஸ்துமா வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. புகை ஒரு கணக்கு, வீட்டுச் சண்டை இன்னொரு கணக்கு என்று உடம்பு தனித்தனியாக எழுதிவைப்பதில்லை போலிருக்கிறது. அதற்காக ஆலைப் புகையின் பழியை அப்பா அம்மாவின் தலையில் போட்டுவிட முடியாது!

இந்த மடங்குக் கணக்கை ஜாதகம் மாதிரி வாசிப்பதும் ஆபத்து. ‘உனக்கு ஐந்து, எனக்கு மூன்று’ என்று மதிப்பெண் போட்டு வருங்காலம் சொல்ல முடியாது. அது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. தனி ஆளைப் பற்றியதல்ல. ஆய்வை நடத்திய ஆண்டாவே பிறகு, இதை வைத்துத் தனி ஆளுக்கு ஜோசியம் பார்க்காதீர்கள் என்று எச்சரித்தார். அந்தக் கேள்வித்தாளில் தெரு வன்முறையும் இல்லை, பசியும் இல்லை, ராத்திரியோடு ராத்திரியாக வீட்டை இடிப்பதும் இல்லை. வடசென்னைக்காரர் எழுதியிருந்தால் கேள்விகள் கொஞ்சம் வேறாக இருந்திருக்கும்.

சரி, படிப்புக்கு வருவோம். மூளையில் நமக்குத் தேவையான ஆட்கள் இன்னும் இருவர். பாதாம் பருப்பு அளவில் அமிக்டலா, அதுதான் காவல்காரன். ஆபத்தை முகர்ந்து மணி அடிப்பது. நெற்றிக்குப் பின்னால் முன்மூளைப் புறணி, அது பெரிய மனுஷன். ‘பொறு, அவசரப்படாதே, ரெண்டாவது வரியைப் படி’ என்று சொல்வது. பெரிய மனுஷன் முழுதாக முதிர இருபத்தைந்து வயதாகும். காவல்காரனோ பிறந்த சில மாதங்களிலேயே வேலைக்கு வந்துவிடுவான். முதல் சில வருஷங்களில் நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் புது இணைப்புகள் மூளையில் உருவாகின்றன என்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் குழந்தை வளர்ச்சி மையம் சொல்கிறது. எது அடிக்கடி பயன்படுகிறதோ அந்த வழி தார்ரோடாகும். பயன்படாதது புல் முளைத்து மூடிப்போகும். நாளெல்லாம் மணி அடிக்கும் வீட்டில் காவல்காரனின் ரோடுதான் அகலமாகும்.

எழுத்துக் கூட்டிப் படிக்க, முதல் எழுத்தின் ஒலியை மனசில் பிடித்துக்கொண்டே அடுத்த எழுத்துக்குப் போக வேண்டும். பெரிய மனுஷனின் வேலை அது. காவல்காரன் கத்தும்போது அவருக்குப் பேச்சு எழாது. அதனால்தான் என் மாணவன் ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் முதல் எழுத்துக்குத் திரும்பினான். சில பிள்ளைகள் இவனை மாதிரித் துள்ளுவார்கள். சில பிள்ளைகள் உறைந்துபோவார்கள். கேட்டால் பதில் வராது, கண் எங்கோ நிற்கும். முதல் வகைக்குத் திமிர் பிடித்தவன் என்றும், இரண்டாவதுக்குக் கல்லுளிமங்கன் என்றும் பட்டம் கிடைக்கும். பட்டத்தோடு அடியும் கிடைக்கும். ‘அடியாத மாடு படியாது’ என்று இன்னமும் சொல்கிறார்கள். பள்ளியில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009இலேயே தடைசெய்துவிட்டது. சட்டத்தை விடுங்கள், காரியமே ஆகாதே. ஏற்கெனவே மணி அடித்துக்கொண்டிருக்கிற மூளையில் இன்னொரு மணியை அடித்து எழுத்தைச் சொல்லிக்கொடுக்க முடியுமா?

நான் செய்தது ஒன்றே ஒன்று. அவன் பாயை எடுத்துச் சுவரோரம் போட்டேன். முதுகுக்குச் சுவர், முகத்துக்கு நேரே கதவு. பின்னால் யாரும் வர முடியாது. வருகிறவர்களைத் தலை திருப்பாமலே பார்த்துவிடலாம். கதவு திறக்கும்போதெல்லாம் நானே வாய்விட்டு, “தண்ணி கேன் அண்ணன்”, “மூணாம் கிளாஸ் பாப்பா” என்று சொல்லிவிடுவேன். அவனுக்கான காவலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். மூன்று வாரத்தில் பக்கம் திரும்பியது. மந்திரம் ஒன்றுமில்லை, இப்போதும் சில நாள் ஒரு வரிகூடப் படிக்க மாட்டான்.

ஆரம்பத்தில் தவறியது பிறகு தேறுமா? ருமேனியாவில் 1989இல் சர்வாதிகாரி சௌஷெஸ்கு வீழ்ந்தபோது, அரசு அநாதை இல்லங்களில் ஏராளமான குழந்தைகள் கிடந்தார்கள். சோறு உண்டு, தூக்க ஆள் இல்லை. 2000க்குப் பிறகு அமெரிக்க ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவுத்திறன் கூடியது. இரண்டு வயதுக்கு முன் போனவர்களுக்கு நன்றாகவே கூடியது. ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்பது பாதி உண்மை. பிறகும் வளையும், கூடுதல் ஆளும் கூடுதல் நாளும் வேண்டும்.

ஹவாய்த் தீவுகளில் கவாய் என்ற தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் தொடர்ந்தார். வறுமை, குடி, குடும்பச் சச்சரவு என்று பல பாரங்களோடு வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாகத் தலையெடுத்தார்கள். அவர்களுக்குப் பொதுவாக இருந்தவற்றில் முக்கியமானது, சின்ன வயதிலிருந்தே நம்பி ஒட்டிக்கொள்ள ஒரு பெரியவர். அம்மா அப்பாதான் என்றில்லை. பாட்டியாக இருக்கலாம், அத்தையாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம்.

எனக்குப் பிடித்தது ஜமைக்கா கதை. கிங்ஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகள். 1986-87இல் ஆரம்பித்து இரண்டு வருஷம், அந்தந்தப் பகுதிச் சுகாதாரப் பணியாளர்களே வாரம் ஒரு மணி நேரம் சில வீடுகளுக்குப் போனார்கள். வீட்டில் கிடைத்ததை வைத்துச் செய்த பொம்மைகள், அம்மாவும் குழந்தையும் சேர்ந்து விளையாடச் சின்னச் சின்ன விளையாட்டுகள், அவ்வளவுதான். இருபது வருஷம் கழித்துப் பார்த்தால், அந்த வீட்டுப் பிள்ளைகள் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள்.

அந்த விளையாட்டு நம்மிடம் இல்லாததா? குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையை வைத்துப் பருப்புக் கடைந்து, ஒவ்வொரு விரலாகச் சோறு பங்கு போட்டு, நண்டூருது நரியூருது என்று கக்கம் வரை விரலை நடத்திக் கிச்சுக்கிச்சு மூட்டுவோமே. கிச்சுக்கிச்சு வரப்போகிறது என்று தெரிந்து குழந்தை மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும். உங்கள் முகத்தைப் பார்க்கும், நீங்கள் அதன் முகத்தைப் பார்ப்பீர்கள். எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடியே வரும். படபடப்பு ஏறி, சிரிப்பில் இறங்கும். அழுத்தத்தை ஏற்றி இறக்கப் பழகும் உடற்பயிற்சியே அதுதான். எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர் 1970களில் இதைத் தலைகீழாகச் சோதித்தார். கொஞ்சிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று சில நிமிடம் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டால், குழந்தை சிரித்துக் கூப்பிடும், கையை நீட்டும், பிறகு முகத்தைத் திருப்பி உடைந்து அழும். முகம் மறுபடி மலர்ந்ததும் தேறிவிடும். (மொபைலைப் பார்த்துக்கொண்டே பால் கொடுத்த குற்றவுணர்ச்சியில் யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். திரும்பி வருகிற முகம்தான் குழந்தைக்குக் கணக்கு.)

கைக்கு எட்டுகிற உதவிகளையும் சொல்லிவிடுகிறேன். 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் நடக்கும் பால்வாடிகளைச் சத்துமாவு வாங்கும் இடமாக மட்டும் பார்க்காதீர்கள். ஓர் ஆயாவும் ஒரு டீச்சரும் தினமும் அதே முகத்தோடு நிற்கிற இடம் அது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022இல் ஆரம்பித்து அடுத்த வருஷம் எங்கும் விரிந்த காலை உணவு, வயிற்றுக்கு மட்டுமல்ல, ‘காலையில் என்ன கிடைக்கும்’ என்ற கேள்விக்கும் பதில். பிள்ளைக்கு அடி, பாலியல் தொல்லை என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்யலாம். பேர் சொல்லாமலும் சொல்லலாம்.

இதையெல்லாம் ஓர் அம்மாக்கள் கூட்டத்தில் சொன்னபோது, ஒருவர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார்: “அப்போ எம் புள்ளைய நான்தான் கெடுத்துட்டேனா?” இல்லம்மா என்று சொல்லி முடிப்பதற்குள் பின்னாலிருந்து இன்னொரு குரல், “ஏன்டி, சண்டை நடக்கச் சொல்ல உம் புள்ள எங்க வூட்லதான கீது? நீ இன்னாத்துக்கு அழுவுற?” எங்கள் சந்துகளில் சுவர் மெலிசு. ஒரு வீட்டில் பாத்திரம் பறந்தால் ஐந்து வீட்டுக்குக் கேட்கும். யாராவது ஒருவர், “வாடா, டிவி பாக்கலாம்” என்று பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்விடுவார். ஷான்காஃப் சொல்கிற அந்தக் கை, இங்கே பல வருஷமாகப் பெயரில்லாமல் இருந்துவருகிறது.

பழைய குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடி கட்டித் தருகிறார்கள். தண்ணீரும் கழிப்பறையும் உள்ளேயே இருப்பது பெரிய நிம்மதி, நான் மறுக்க மாட்டேன். ஆனால் பல இடங்களில் வீட்டைக் குலுக்கலில் ஒதுக்குகிறார்கள். முப்பது வருஷமாக எதிரெதிர் வாசலில் இருந்தவர்களில் ஒருவர் ஒரு பிளாக்கிலும் மற்றவர் வேறொரு பிளாக்கிலும் போய் விழுகிறார்கள்.

சுவரோரம் உட்காரும் அந்தப் பையனின் ஆயா, சொந்த ஆயா இல்லை. பழைய சந்தில் எதிர் வீட்டுக்காரர். இப்போது அவருக்கு வேறு பிளாக்கில் மூன்றாம் மாடி. லிஃப்ட் பாதி நாள் ஓடாது. எட்டரைக்குப் பள்ளி விட்டதும் அவன் பையை மாட்டிக்கொண்டு, தன் வீட்டு ஜன்னலில் லைட் எரிகிறதா என்று ஒருதரம் அண்ணாந்து பார்ப்பான். சில நாள் அப்படியே வீட்டுக்குப் போவான். சில நாள் அங்கே கொஞ்ச நேரம் நின்று காதைக் கொடுத்துவிட்டு, ஆயாவின் பிளாக்குக்கு நடந்து, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறுவான்.